நேரத்தோடு கண்டிருந்தால்?

தம்பிலுவிற் கண்ணகை அம்மனுக்கு வைகாசித் திருக்குளிர்த்தி நடந்து முடிந்த மறுநாள். கோயில் வீதியிற் பந்தற்கால்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். என் பெரியம்மாவின் மகன் வந்து திண்ணையிலே குந்தினான். அவனுடைய தாயார் வாய்ப்புற்று நோயினால் இறந்து ஆண்டுத் திவசமும் கழிந்துவிட்டது. நெடுநேரம் பேசாதிருந்தவன், "அண்ணன், நேரத்தோட கண்டுபிடிச்சிருந்தா அம்மா இருந்திருப்பாவா? ஒரு வழக்கு வைக்க ஏலாதா?" என்று கேட்டான்.

அவன் ஒரே மூச்சிற் கேட்டவை இரண்டு கேள்விகள். முதலாவது வைத்தியத்தைச் சார்ந்தது. இரண்டாவது சட்டத்தைச் சார்ந்தது. ஆனால் இரண்டாவதற்கு விடை, முதலாவதன் விடைக்குள்ளேதான் ஒளிந்திருக்கிறது. இதனை அவனுக்கு விளக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் சென்றது. அவனைப் போல இதே கேள்வியை மனத்திலே சுமந்திருக்கும் நேயர்கள் பலர் இருப்பார்கள் என்பதனால், அன்று பேசியதை இன்று சற்று ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன்.

பெரியம்மாவின் கதை எங்கள் கரையிற் புதுமையான கதையன்று. நாற்பது ஆண்டுகளாக வெற்றிலை போட்டவர். விருந்தினர் வந்தால் முதலில் வைப்பது வெற்றிலை வட்டாதானே. கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண் வந்தது. பணம் கொடுத்து மருந்தெடுக்கும் ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போனார். வாய் கொப்பளிக்க ஒரு மருந்தும் விற்றமின் குளிசைகளும் கிடைத்தன. புண் ஆறவில்லை. மீண்டும் போனார், மருந்தின் நிறம் மாறியது. மூன்றாம் முறையும் போனார். அதன் பின்னர் உமி எரிவது போன்ற எரிச்சலோடு மாதங்கள் கடந்தன. கழுத்திலே கழலை தோன்றியபோதுதான் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே புண்ணிலிருந்து சிறு துண்டு வெட்டிச் சோதித்தார்கள். பிறகு மகரகமவிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலை, இரவுப் பேருந்து, கதிர்ச் சிகிச்சை, முடிவு.

இங்கே குற்றம் யாருடையது? குற்றம் என்று ஒன்று உண்டா? ஆத்திரப்படாமல் ஆராயவேண்டிய இடம் இது.

நோயைத் தவறாகக் கணித்தல் வேறு, கவனயீனம் வேறு. சட்டம் இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதில்லை. வாயில் ஒரு புண் வந்தால் அதற்கு நூறு காரணம் இருக்கலாம். உடைந்த பல்லின் முனை உரசியிருக்கலாம், சத்துக் குறைவாயிருக்கலாம், கிருமித் தொற்றாயிருக்கலாம். இவற்றிற் பெரும்பாலானவை தாமாகவே ஆறிவிடும். ஆகவே முதல்நாள் வந்த நோயாளிக்குக் கொப்பளிக்கும் மருந்து கொடுத்த வைத்தியரைக் குற்றவாளி என்பது நியாயமாகாது. அவ்விடத்தில் எந்த நல்ல வைத்தியரும் அதையே செய்திருக்கக்கூடும். 1957ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தீர்ந்த போலம் வழக்கிலிருந்து நீதிமன்றங்கள் பிடித்துக்கொண்ட அளவுகோல் இதுதான்: அத்துறையிற் பயிற்சி பெற்ற பொறுப்புள்ள வைத்தியர்களில் ஒரு சாராரேனும் சரியென்று ஏற்கக்கூடிய முறையில் ஒருவர் நடந்திருந்தால், அவர் கவனயீனமாக நடந்தார் என்று சொல்லமுடியாது. நாற்பது ஆண்டுகளின் பின், 1997இல், பொலித்தோ வழக்கிலே பிரபுக்கள் சபை இதற்கு ஒரு வரம்பிட்டது. வைத்தியர் சிலர் கூடிச் 'சரி' என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது. அவ்வபிப்பிராயம் தருக்கத்துக்கும் பொருந்தவேண்டும் என்றது.

இந்த அளவுகோலைப் பெரியம்மாவின் மூன்றாம் வருகைக்கு வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று வாரங்களில் ஆறாத வாய்ப்புண்ணைப் புற்றோ என்று ஐயுற்று மேற்சோதனைக்கு அனுப்பவேண்டும் என்பது வைத்திய மாணவருக்கும் பல் வைத்திய மாணவருக்கும் கற்பிக்கப்படும் பாடம். எங்கள் நாட்டில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்று வாய்ப்புற்றேயாகும். வெற்றிலை போடும் பெண்களும் அதற்குத் தப்புவதில்லை. அப்படியான நாட்டில், வாய் சிவந்த ஒரு முதியவள் அதே புண்ணோடு மூன்றாம் முறை வந்து நிற்கும்போது, விளக்கொளியில் வாயைத் திறந்து பார்க்காமல், விரலால் தொட்டு அதன் விளிம்பு தடித்திருக்கிறதா என்று சோதிக்காமல், மருந்தை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தால் அது கவனயீனம் என வாதிட இடமுண்டு. முதல் வருகையிலே தவறில்லாத அதே செயல், மூன்றாம் வருகையிலே தவறாகிவிடுகிறது.

"அப்படியென்றால் வழக்கு வெல்லலாம்தானே?" என்றான் தம்பி.

அவசரப்படாதே என்றேன். கவனயீனத்தை நிரூபிப்பது பாதி வழிதான். அந்தக் கவனயீனத்தினாலேதான் இந்தக் கேடு விளைந்தது என்பதையும் நிரூபிக்கவேண்டும். புற்றுநோய் வழக்குகள் பெரும்பாலும் இடறி விழுவது இந்த இரண்டாம் படியிலே.

இதற்கு எங்கள் நாட்டிலேயே புகழ்பெற்ற ஒரு வழக்கு உண்டு. சட்ட அறிக்கைகளிலே பேராசிரியை பிரியானி சொய்சா எதிர் ஆர்செகுலரத்ன என்ற பெயரால் அது வழங்குகிறது. 1992ஆம் ஆண்டில், நான்கு வயதும் நிரம்பாத ஒரு பெண்குழந்தைக்கு உடல் அசைவுகளில் மாற்றம் கண்டது. குழந்தை வைத்தியத்தில் நாடறிந்த ஒரு பேராசிரியையிடம் பெற்றோர் கொண்டுசென்றனர். வாதக் காய்ச்சலைத் தொடர்ந்து வரக்கூடிய ஒருவகை வலிப்பசைவு என்று நோய் கணிக்கப்பட்டது. உண்மையில் அக்குழந்தையின் மூளைத்தண்டிலே ஒரு புற்றுக்கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது அது தெரியவந்தது. அவ்வாண்டிலேயே குழந்தை இறந்துவிட்டது. குழந்தையின் தந்தை ஒரு வழக்கறிஞர். அவர் நட்டஈடு கோரி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார்.

மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கத் தீர்ப்பளித்தது. அக்காலத்தில் அது எவரும் கேள்விப்படாத பெருந்தொகை. மேன்முறையீட்டு நீதிமன்றம் 1999இல், கவனயீனம் உண்டென்பதை ஏற்றுக்கொண்டு, தொகையை மாத்திரம் இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2001இல் வந்த தீர்ப்பிலே, அந்த இரண்டரை இலட்சமும் இல்லையென்றாயிற்று. நோய்க் கணிப்பிலே தவறு நேர்ந்ததென்றே வைத்துக்கொண்டாலும், அத்தவறுதான் குழந்தையின் மரணத்தை விளைத்தது, அல்லது விரைவுபடுத்தியது என்பதை வழக்காளி நிரூபிக்கவில்லை என்பது முடிவு. குழந்தை இறந்து ஒன்பது ஆண்டுகள் சென்றபின் வந்த முடிவு. சட்டமறிந்த தந்தைக்கே இவ்வளவு காலம் என்றால், மற்றவர் நிலையை நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அத்தீர்ப்பைக் கொடியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். மூளைத்தண்டு என்பது மூச்சையும் இதயத் துடிப்பையும் நடத்தும் நரம்புகள் நெருங்கிக் கிடக்கும் இடம். அதனுள்ளே பரவி வளரும் கட்டியைக் கத்தியால் வெட்டி எடுக்க இயலாது. கதிர்ச் சிகிச்சையால் சில மாதங்களுக்கு ஆறுதல் கிடைக்கும். இரண்டாண்டு கடந்து வாழும் குழந்தைகள் இன்றைக்கும் மிகச் சிலரே. இப்படியிருக்க, சில நாட்கள் முந்தியே நோயைக் கண்டிருந்தாலும் முடிவு மாறியிருக்குமா? மாறியிருக்காது என்பதே நேர்மையான விடை. தவறு நடந்திருக்கலாம், ஆனால் தவறு வேறு பாதையிலும் மரணம் வேறு பாதையிலும் வந்தன. சட்டம் இவ்விரண்டையும் இணைக்கும் ஒரு கயிற்றைக் கேட்கிறது.

கண்ணகியின் ஊரார் நாங்கள். ஆராயாமல் அளித்த தீர்ப்பின் கதையைச் சடங்கு தோறும் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் கண்ணகிக்கு இருந்த வசதி எங்களுக்கு இல்லை. சிலம்பை உடைத்தால் உள்ளே மாணிக்கமா முத்தா என்பதைச் சபையிலிருந்த எல்லோரும் கண்ணாற் காணலாம். 'முன்னரே கண்டிருந்தால்' என்ற நாளையோ எவராலும் உடைத்துக் காட்டமுடியாது. நடந்திராத ஒன்றைப் பற்றி வைத்திய நிபுணர் அபிப்பிராயம் சொல்லவேண்டும். நீதிபதி அதை நிறுத்துப் பார்க்கவேண்டும். தராசு பாதிக்கு மேல், அதாவது நூற்றில் ஐம்பதுக்கு மேல், ஒரு பக்கம் சாய்ந்தால் அப்பக்கம் வெற்றி.

இந்த ஐம்பது என்ற கோடு எவ்வளவு விசித்திரமானது என்பதை இங்கிலாந்து வழக்கொன்று காட்டும். கிரெக் எதிர் ஸ்கொட் என்பது அதன் பெயர். 1994 நவம்பரில் ஒருவர் தம் இடக் கமுக்கட்டில் இருந்த கட்டியை வைத்தியருக்குக் காட்டினார். வெறும் கொழுப்புக் கட்டி என்று சொல்லி அனுப்பிவிட்டார் வைத்தியர். மறு ஆண்டு வேறொரு வைத்தியர் ஐயுற்று வைத்தியசாலைக்கு அனுப்பியபோது அது நிணநீர்ச் சுரப்பியிலே தோன்றிய புற்று என்று தெரிந்தது. ஏறக்குறைய ஒன்பது மாதத் தாமதம். உடனே சிகிச்சை தொடங்கியிருந்தால் அவர் பத்தாண்டு உயிரோடிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 42. தாமதத்தின் பின் அது நூற்றுக்கு 25 எனக் கணக்கிடப்பட்டது. வைத்தியரின் கவனயீனம் நிரூபணமாயிற்று. வாய்ப்புக் குறைந்ததும் நிரூபணமாயிற்று. ஆயினும் 2005இல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஐவரில் மூவர் வழக்கைத் தள்ளினார்கள். தொடக்கத்திலேயே வாய்ப்பு ஐம்பதுக்குக் கீழே இருந்ததாகையால், தவறு நடவாதிருந்தாலும் அவர் பெரும்பாலும் பிழைத்திருக்கமாட்டார் என்பது அவர்கள் கணக்கு.

நூற்றுக்கு 60 வாய்ப்புள்ளவனிடமிருந்து அதனைப் பறித்தால் முழு நட்டஈடு. 42 வாய்ப்புள்ளவனிடமிருந்து அதிலே பெரும்பங்கைப் பறித்தால் ஒரு சதமும் இல்லை. மாறுபட்ட இரு நீதிபதிகளும் இதை நியாயமென்று ஏற்கவில்லை. நானும் அவர்கள் பக்கமே. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில உயர் நீதிமன்றம் 1983இலேயே வேறு விதமாக நினைத்தது. சுவாசப்பையிற் புற்றுக்கொண்ட ஒருவருக்கு நோய் காணத் தாமதித்ததால் வாய்ப்பு நூற்றுக்கு 39இலிருந்து 25ஆகக் குறைந்த வழக்கில், ஐம்பதுக்குக் கீழே என்பதைக் காரணங்காட்டிக் கதவடைக்கக் கூடாது என்று அது தீர்த்தது. அவுஸ்திரேலியாவிலோ, மூளைக்கட்டி வந்த ஆறு வயதுச் சிறுமியொருத்தியின் வழக்கில், 2010ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வழியையே பின்பற்றினார்கள். உலகம் இவ்விஷயத்தில் இன்னும் ஒருமனப்படவில்லை.

இதையெல்லாம் கேட்ட தம்பியின் முகம் வாடிவிட்டது. ஆனால் நான் சொல்ல வந்தது அவநம்பிக்கையன்று. மூளைத்தண்டுக் கட்டி வேறு, வாய்ப்புற்று வேறு. வாயிலே சிறு புண்ணாக இருக்கும் நிலையில் அறுத்தெடுத்தால் நோயாளிகளிற் பெரும்பாலோர் ஐந்தாண்டுக்கு மேல் வாழ்கிறார்கள். கழுத்துக் கழலைகளுக்குப் பரவிய பின்னரோ அந்த வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாய்க் குறைந்துவிடுகிறது. அதாவது, இந்நோயிலே தாமதம் உண்மையாகவே உயிரைக் குடிக்கிறது. கேரளத்திலே திருவனந்தபுரத்தை அடுத்த ஊர்களில் 1996இல் தொடங்கிய பெரும் ஆய்வொன்றில், பயிற்சி பெற்ற சாதாரண சுகாதார ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று வாயைத் திறக்கச் செய்து வெறுங்கண்ணாற் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று மரணங்கள் நூற்றுக்கு 34 அளவு குறைந்தன என்று 2005இல் அறிவித்தார்கள். நூதனக் கருவி எதுவுமில்லை. ஒளியும் கண்ணும் பொறுமையுமே. ஆகவே வாய்ப்புற்று வழக்கிலே 'முன்னரே கண்டிருந்தால்' என்பது வீண் கற்பனையாகாது. கேள்வி இவ்வளவுதான்: தவறு நடந்த அந்த நாளில் நோய் எந்த நிலையில் இருந்தது?

சட்டத்தின் மற்றப் பக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இவ்வகை வழக்குகளில் எங்கள் நீதிமன்றங்கள் கைக்கொள்வது உரோம-ஒல்லாந்தச் சட்டம். அதன்படி, இறந்தவரை நம்பி வாழ்ந்தவர் தமக்கு நேர்ந்த பணநட்டத்தையே கோரலாமன்றி, மனத்துயருக்கு விலை கேட்க முடியாதிருந்தது. மேற்சொன்ன கொழும்பு வழக்கில், குழந்தையின் அன்பையும் துணையையும் இழந்ததற்கு நட்டஈடில்லை என்றதும் இதனாலேயே. உழைத்துத் தராத குழந்தையும், உழைத்து ஓய்ந்த தாயும் சட்டத்தின் கணக்குப் புத்தகத்திலே பெறுமதியற்றவர்களாய் நின்றார்கள். 2019இல் பாராளுமன்றம் புதிய சட்டமொன்றை இயற்றி, பிறருடைய தவறினால் நேர்ந்த மரணத்துக்கு அன்பும் பராமரிப்பும் துணையும் இழந்த குடும்பத்தினர் நட்டஈடு கோர வழி செய்தது. என் பெரியம்மா போன்றவர்களின் பிள்ளைகளுக்கு இது பெரிய மாற்றம்.

அரசாங்க வைத்தியசாலையில் நேர்ந்த தவறானால், 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசின் மீதும் வழக்குத் தொடரலாம். ஆனால் சட்டமா அதிபருக்கு ஒரு மாதத்துக்கு முன் அறிவித்தல் கொடுக்கவேண்டும். இலங்கை மருத்துவச் சபைக்கு முறைப்பாடு செய்யலாம். அச்சபை வைத்தியரைத் தண்டிக்கவோ பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கவோ வல்லதேயன்றி, உங்களுக்கு நட்டஈடு பெற்றுத் தராது. இந்தியாவிலே 1995இல் உச்ச நீதிமன்றம் கட்டணம் பெறும் வைத்தியத்தைப் பாவனையாளர் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்ததனால், அங்கே குறைந்த செலவில் முறையிட வேறு மன்றங்கள் உண்டு. எங்களுக்கு மாவட்ட நீதிமன்றமே வாயில். பணமில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

எல்லாவற்றிலும் கொடியது காலக்கெடு. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம், வழக்குக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் வழக்கைத் தொடங்கிவிட வேண்டும் என்கிறது. தவறு நடந்த நாளா, மரணம் நேர்ந்த நாளா, எங்கிருந்து எண்ணுவது என்பதிலே வழக்கறிஞர்கள் வாதாடுவார்கள். துக்கம் கொண்டாடி, திவசம் முடித்து, ஊரார் பேச்சுக்கெல்லாம் காது கொடுத்து, பின்னர் வழக்கை நினைப்பது எங்கள் வழக்கம். சட்டம் எங்கள் திவசத்தை எண்ணுவதில்லை.

மறுநாள் தம்பி ஒரு பிஸ்கற் பேணியைக் கொண்டுவந்தான். பெரியம்மாவின் கடதாசிகள் அதற்குள் இருந்தன. மகரகமவின் கிளினிக் கொப்பி, நோய் நிர்ணய அட்டை, துண்டு வெட்டிச் சோதித்த அறிக்கை எல்லாம் ஒழுங்காக இருந்தன. தேதியும் கையொப்பமும் இருந்தன. அரசாங்க வைத்தியசாலைகளை நாம் எவ்வளவு குறை சொன்னாலும், எழுதி வைக்கும் வழக்கம் அங்கே உண்டு. வழக்குக்கு வேண்டியவை சிகிச்சை நிலையத்தின் சீட்டுகள். இரண்டுதான் இருந்தன. மருந்தின் பெயர்கள் கிறுக்கப்பட்டிருந்தன. நோயாளியின் பெயர் இல்லை, தேதி இல்லை, வாயைப் பார்த்ததற்கான ஒரு சொல் இல்லை. மூன்றாவது சீட்டிலே யாரோ கறிச்சரக்கு மடித்திருக்கவேண்டும்.

அவற்றை எடுத்துக்கொண்டு இருவருமாகக் கல்முனைக்குப் போய் ஒரு வழக்கறிஞரைக் கண்டோம். முதலில் மரணச் சான்றிதழின் தேதியைப் பார்த்து விரல்விட்டு மாதங்களை எண்ணினார். மரணத்திலிருந்து எண்ணினால் ஏழு மாதம் மிச்சம். மூன்றாம் வருகையிலிருந்து எண்ணினால் எதிராளி ஆட்சேபிப்பார் என்றார். பிறகு சோதனை அறிக்கையைப் புரட்டினார். புண்ணின் அகலம் நாலு சென்றிமீற்றர் என்று அதிலே இருந்தது.

"மூன்றாம் முறை காட்டின நேரம் புண் எவ்வளவு இருந்தது? கண்ட ஆட்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

தம்பிக்குத் தெரியவில்லை, அவன் அப்போது வெட்டு நடந்த வயலிலே காவலிருந்தவன். அவனுடைய அக்காவைத் தொலைபேசியில் அழைத்தோம். அன்று தாயைக் கூட்டிக்கொண்டு போனவள் அவள்தான். தைப்பொங்கலுக்கு முந்திய நாள் என்றாள். திரும்பி வரும் வழியிற் பொங்கற்பானை வாங்கியதனால் நாள் மறக்கவில்லையாம். புண் அப்போது ஒரு பயறளவுதான் இருந்தது, கழுத்திலே ஒன்றுமில்லை, தானே தினமும் எண்ணெய் தடவிவிட்டதனால் நன்றாகத் தெரியும் என்றாள்.

வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, 'ஒரு பயறளவு' என்று தம் புத்தகத்தில் எழுதி, அதன் கீழே இரண்டு கோடு கிழித்தார்.